பின்னால் மாட்ட முடிந்தது எது, முடியாதது எது: நெல்லையில் புதுக் கார் எடுக்க மூன்று வழிகள்

வண்ணார்பேட்டை ஷோரூம் எதிலாவது உட்கார்ந்து, "நடு வேரியண்ட்டே போதும், பின் கண்ணாடிக்கு வைப்பரும் டிஃபாகரும் மட்டும் சேர்த்துக் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். "சார், அது அடுத்த வேரியண்ட்லதான் வரும்" என்பார்கள். ஒரே மாடலை வசதிகளைக் கூட்டிக் குறைத்து விற்கும் படிகள்தான் வேரியண்ட்; டிஃபாகர் என்பது பின் கண்ணாடியில் படியும் ஈரமூட்டத்தை நீக்கும் சூடேற்றி. அடுத்த வேரியண்ட் எண்பதாயிரம் கூடுதல். அதோடு நாம் கேட்காத சன்ரூஃப், அலாய் சக்கரம், பெரிய திரை எல்லாம் சேர்ந்து வரும். இந்த இடத்தில் மூன்று வழிகள் பிரிகின்றன. ஷோரூமில் நிற்கும் வண்டியை அப்படியே எடுக்கலாம். வேண்டிய வேரியண்ட்டையும் நிறத்தையும் எழுதிக் கொடுத்துக் காத்திருக்கலாம். அல்லது கீழ் வேரியண்ட்டை எடுத்து, மீதியை வெளியில் மாட்டிக்கொள்ளலாம். எது லாபம் என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. ஒவ்வொரு வசதியையும் தனித்தனியாக எடுத்து, 'இதைப் பின்னால் மாட்ட முடியுமா' என்று கேட்டால் முக்கால்வாசிக் குழப்பம் தீரும்.

முதலில் இந்த வேரியண்ட் கட்டு எப்படி வந்தது என்று பார்ப்போம். அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் தேர்வு என்ற பேச்சே குறைவு. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு வண்டி கையில் வந்ததே பெரிது. நிறத்தில்கூட வந்ததை வாங்கிக்கொண்டார்கள். ரேடியோ, சீட் கவர், மின்விசிறி, ஏசி எல்லாம் வண்டி வந்த பிறகு வெளியில் மாட்டியவைதான். வேண்டியபடி வண்டியை அமைத்தது தொழிற்சாலை அல்ல, மெக்கானிக்கும் எலக்ட்ரீஷியனும் தையற்காரரும்தான். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. ஏசி உண்டா இல்லையா என்பதே அன்று பெரிய தேர்வு.

1993-இல் கார் உற்பத்திக்கு லைசென்ஸ் கட்டுப்பாடு நீங்கியது. 1998-இல் சான்ட்ரோவும் இண்டிகாவும் வந்தன. எழுத்துகளின் காலம் அங்கே தொடங்குகிறது. டிஎல்இ, டிஎல்எஸ், எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ என்று ஒவ்வொரு எழுத்தும் ஒரு படி. பவர் ஸ்டீயரிங் வேண்டுமா, ஒரு படி ஏறு. பவர் விண்டோ வேண்டுமா, இன்னொரு படி ஏறு.

அமெரிக்காவில் 1960-களில் இப்படி இல்லை. என்ஜின், கியர்பாக்ஸ், ரேடியோ என்று ஒவ்வொன்றுக்கும் தனியாக டிக் போட்டுத் தாளைக் கொடுத்தால், அந்தத் தாளின்படி தொழிற்சாலையில் வண்டி உருவாகும். கடல் தாண்டி வந்த ஜப்பானியக் கார்கள் அந்தப் பழக்கத்தைக் குறைத்தன. கப்பலில் வரும் வண்டியை ஒருவர் ஆர்டருக்கு ஏற்றாற்போல் செய்து அனுப்புவது கட்டுப்படியாகாது. அதனால் வசதிகளைக் கட்டுக் கட்டாகச் சேர்த்தே அனுப்பினார்கள். நம் நாட்டுக் கார்கள் ஏறத்தாழ முழுக்க அந்தக் கட்டு முறையில் வளர்ந்தவை.

இதற்குக் கணக்கும் ஒரு காரணம். 'உண்டு, இல்லை' என்று பத்தே பத்து வசதிகளை வாங்குபவர் விருப்பத்துக்கு விட்டால், 1,024 விதமான வண்டிகள் உண்டாகும். ஒவ்வொரு விதத்துக்கும் ஒயரிங் கட்டு வேறு, உதிரிப் பாக இருப்பு வேறு, அரசு அங்கீகாரச் சோதனைக்கான ஆவணம் வேறு. டீலருக்கும் 1,024-இல் எதை வாங்கி நிறுத்துவது என்று தெரியாது. ஆகவே ஐந்தாறு வேரியண்ட்டாகச் சுருக்கினார்கள்.

நடுவில் ஒரு நல்ல ஏற்பாடு வந்தது. 2015-ஐ ஒட்டி, வேரியண்ட் பெயருக்குப் பின்னால் 'ஓ' என்ற எழுத்து போட்டு, கீழ் வேரியண்ட்டிலேயே ஏர்பேக்கும், பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் மட்டும் சேர்த்துக் கொடுத்தார்கள். சில ஆயிரங்கள் கூடுதல், அவ்வளவுதான். அன்று அதைக் கேட்டு வாங்கியவர்கள் குறைவு. டீலர்களும் இருப்பு வைக்கவில்லை. பிறகு சட்டமே வந்தது. ஏற்கெனவே விற்பனையிலிருந்த கார்களுக்கும் 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம், முன்பக்கம் இரண்டு ஏர்பேக் 2021 முடிவுக்குள் கட்டாயம். இப்போது பல மாடல்களில் பேஸ் வேரியண்ட்டிலேயே 6 ஏர்பேக் வருகிறது. கீழ் வேரியண்ட் எடுப்பவருக்கு முன்பிருந்த பெரிய பயம் இதனால் நீங்கியிருக்கிறது. பத்தாண்டுக்கு முன் 'பாதுகாப்பு வேண்டுமென்றால் டாப் எண்ட்' என்று சொன்ன யோசனையை இன்றும் அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

தனி விருப்பம் முழுக்க மறைந்துவிடவும் இல்லை. 2020-இல் ராயல் என்ஃபீல்டு, ஆப் வழியாக நிறமும் ஆக்சஸரீஸும் தேர்ந்து புக் செய்யும் முறையைக் கொண்டுவந்தது. 2021-இல் டாடா பஞ்ச், வேரியண்ட்டோடு தனி 'பேக்' சேர்த்துக்கொள்ளும் வசதியோடு வந்தது. லாரிக்காரர்களுக்கோ இது புதிதே அல்ல. நெல்லையில் பாடி இல்லாத அடிச்சட்டமான சேஸிஸை எடுத்து, நாமக்கல்லுக்கோ கரூருக்கோ ஓட்டிப் போய், பாடியின் நீளம், பலகை, கேபின் வேலை எல்லாம் சொல்லிக் கட்டிக்கொண்டு வருவது காலங்காலமாக நடப்பது.

சரி, மூன்று வழிகளுக்கு வருவோம்.

நிற்கும் வண்டி

சீக்கிரம் கிடைக்கும், தள்ளுபடியும் கிடைக்கும். நம் ஊரில் தள்ளுபடிக்கு இரண்டு பருவங்கள். ஆடி மாதம் டெலிவரி எடுக்க ஆள் வராது; யார்டில் வண்டி தேங்கும். மார்கழியிலும் அதே கதை. அதோடு டிசம்பர் முடிந்தால் அந்த வண்டிகள் 'போன வருஷத்து வண்டி' ஆகிவிடும் என்ற அவசரமும் சேரும். நாள் நட்சத்திரம் பார்க்காதவருக்கு இந்த இரண்டும் நல்ல நேரம். நாள் பார்ப்பவர்கள் ஆடியில் பில் போட்டு, ஆவணி முதல் முகூர்த்தத்தில் எடுப்பதாகப் பேசலாம். பில் தேதியில் உள்ள சலுகைதான் செல்லும் என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் டிசம்பர்த் தள்ளுபடியை முழு லாபம் என்று எண்ண வேண்டாம். ஆர்சியில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் அச்சாகும். ஜனவரியில் பதிவு செய்தாலும் விற்கும்போது பழைய ஆண்டு வண்டியாகத்தான் மதிப்பிடுவார்கள். எட்டு, பத்து வருடம் வைத்து ஓட்டுபவருக்கு இது பெரிதல்ல. மூன்று வருடத்தில் மாற்றுபவர், மறுவிற்பனையில் குறையப்போகும் தொகையைத் தள்ளுபடியிலிருந்து கழித்துப் பார்க்க வேண்டும்.

நாலைந்து மாதம் வெயிலில் நின்ற வண்டியில் பார்க்க வேண்டியவை: டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3525 என்றால் 2025-இன் 35-ஆவது வாரம். ஐந்து டயரிலும் அது ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். பேட்டரியை ஒரு இரவு சும்மா விட்டு மீட்டரில் பார்த்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.3-க்குக் கீழே இருந்தால் பேட்டரி பாதி இறங்கிக் கிடந்திருக்கிறது. மாற்றித் தரச் சொல்லலாம். பானெட்டைத் திறந்து எலி கடித்த தடமோ புழுக்கையோ இருக்கிறதா என்றும் பாருங்கள். யார்டு வண்டிகளில் இது நிஜமான தொல்லை. ஒயரிங் கட்டில் ஒரு கடி பட்டால் எந்த விளக்கு எப்போது எரியும் என்று தெரியாமல் வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

எழுதிக் கொடுத்துக் காத்திருப்பது

ஆர்டர் போடுவதில் முக்கியமானது புக்கிங் படிவம்தான். மாடல் பெயர் மட்டும் எழுதியிருந்தால் போதாது. வேரியண்ட்டின் முழுப்பெயர், எரிபொருள், கியர்பாக்ஸ், நிறம், உள்ளே சீட்டின் நிறம், எதிர்பார்க்கும் மாதம் எல்லாம் படிவத்தில் இருக்க வேண்டும். 'வெள்ளை' என்று மட்டும் எழுதினால் சாதா வெள்ளையும் அதுதான், பல ஆயிரம் கூடுதலான முத்து வெள்ளையும் அதுதான்.

படிவத்தின் கீழே சின்ன எழுத்தில் 'டெலிவரி நாளன்று உள்ள விலையே செல்லும்' என்று பெரும்பாலும் இருக்கும். காத்திருக்கும்போது விலை ஏறினால் அது நம் தலையில்தான். ஜனவரியிலும் ஏப்ரலிலும் கம்பெனிகள் விலை ஏற்றுவது வழக்கம் என்பதால், நவம்பரில் புக் செய்பவர் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும் அங்கேதான் இருக்கும்.

எவ்வளவு நாள் ஆகும்? வண்டி எங்கிருந்து வருகிறது என்பதும் இதில் ஒரு பங்கு. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆலைகளின் வண்டிகள் இரண்டு மூன்று நாள் பயணத்தில் நெல்லை வந்துவிடும். ஹரியானாவிலிருந்தோ குஜராத்திலிருந்தோ டிரெய்லரில் வருவதற்கு அதைவிடப் பல நாள் கூடும். 2025 ஆகஸ்டில் தூத்துக்குடி சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை திறந்த பிறகு, நம் சீமையிலேயே கார் உருவாகிறது. ஆனால் ஆலை பக்கத்தில் இருப்பதால் மட்டும் நாம் கேட்ட கலவை முதலில் வந்துவிடாது. அந்த வேரியண்ட் எந்த வாரத் தயாரிப்பில் இருக்கிறது என்பதே முதன்மை.

காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் நடுவழி ஒன்று உண்டு. நெல்லை டீலரிடம் இல்லாதது மதுரையிலோ நாகர்கோவிலிலோ இருக்கலாம். டீலர் மாற்றிக் கொண்டுவரச் சொல்லுங்கள். டிரெய்லரில் ஏற்றி வருகிறார்களா, ஓட்டி வருகிறார்களா என்று கேளுங்கள். மதுரையிலிருந்து ஓட்டி வந்தால் 160 கி.மீ. மீட்டரில் ஏறிவிடும். நாமே மதுரையில் வாங்கினாலும், முகவரி நெல்லையில் இருந்தால் டிஎன் 72 எண்ணிலும், தென்காசிப் பக்கம் என்றால் டிஎன் 76 எண்ணிலும் பதிவு வாங்கலாம்.

கீழ் வேரியண்ட், மீதி வெளியில்

இதில்தான் பணமும் மிச்சமாகும், தவறும் நடக்கும்.

வெளியில் தாராளமாக மாட்டக்கூடியவை: மியூசிக் சிஸ்டம், ரிவர்ஸ் கேமரா, அலாய் சக்கரம், சீட் கவர், மிதியடி, டாஷ் கேமரா, டயர் காற்றழுத்தக் காட்டி. மாட்டவே கூடாதவை அல்லது மாட்ட முடியாதவை: ஏர்பேக், வண்டி நிலைத்தன்மைக்கான இஎஸ்சி, பின் டிஃபாகர், பின் வைப்பர், பின் ஏசி வென்ட், உயரம் கூட்டிக் குறைக்கும் டிரைவர் சீட், ஆட்டோமேட்டிக் கியர், மின்காராக இருந்தால் பேட்டரியின் அளவு. இரண்டாம் வரிசையில் உள்ள ஒன்று உங்களுக்குக் கட்டாயம் தேவையென்றால் மேல் வேரியண்ட்டுக்குப் போக வேண்டியதுதான். முதல் வரிசையில் உள்ளதற்காக எண்பதாயிரம் கொடுத்து ஏற வேண்டாம்.

அலாய் சக்கரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரே காரில் கீழ் வேரியண்ட்டுக்கு 165/80 ஆர்14, மேல் வேரியண்ட்டுக்கு 185/65 ஆர்15 டயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதன் முழு விட்டம் சுமார் 620 மி.மீ., இரண்டாவது சுமார் 621.5 மி.மீ. வித்தியாசம் ஒன்றரை மி.மீ.தான். அதனால்தான் கம்பெனி இரண்டையும் ஒரே வண்டிக்குப் போடுகிறது. ஸ்பீடோமீட்டர் மாறாது, ஏபிஎஸ் குழம்பாது. வெளிக்கடையில் 'அகலமா இருந்தா கெத்து' என்று 195/65 ஆர்15 போட்டால் விட்டம் 634 மி.மீ.க்கு மேல் போகும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது உள்வளைவில் உரசலாம், மைலேஜும் இறங்கும். மேல் வேரியண்ட்டின் அளவை அப்படியே எடுங்கள். போல்ட் வட்டமும் உள்நோக்கிய ஆழமும் அதோடு பொருந்த வேண்டும்.

அடுத்து ஒயரிங். பனிவிளக்கு ஜோடியில் ஒவ்வொன்றும் 55 வாட். இரண்டுக்கும் 110 வாட்; 12 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர். இந்த ஓட்டத்தை நேரே ஒரு சின்னப் பட்டனுக்குள் விட்டால் பட்டன் உருகும். பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ், அதன் பின் ரிலே (சின்ன ஓட்டத்தால் பெரிய ஓட்டத்தைத் திறந்து மூடும் மின்சுவிட்ச்), குறைந்தது 1.5 சதுர மி.மீ. ஒயர் வேண்டும்; பட்டன் ரிலேயை மட்டும் இயக்க வேண்டும். என்ஜின் பக்கமிருந்து உள்ளே ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கும். அதில் பிளேடால் கிழித்து ஒயரைச் செருகிவிட்டுப் போனால், ஐப்பசி மழையில் தண்ணீர் ஒயர் வழியே இறங்கி மிதியடிக்கு அடியில் தேங்கும். வாடை வந்த பிறகுதான் தெரியும்.

ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுவது இன்னொரு கேடு. உவரி, கூடங்குளம், இடிந்தகரைப் பக்கம் உப்புக்காற்றில் அந்த முறுக்கு ஓராண்டிலேயே பச்சை பூத்துவிடும். ஒயர்களை வெட்டாமல் இணைக்கும் பிளக்கான கப்ளர், வண்டியின் கப்ளரோடு நேரே பொருந்தும் செட் கேளுங்கள். அது இல்லாத இடத்தில் ஈயம் வைத்து, சுருங்கும் குழாய் போடச் சொல்லுங்கள். சில மாடல்களின் பேஸ் வேரியண்ட்டில் பின் கதவுக்கு ஸ்பீக்கர் ஒயரே இழுத்திருக்க மாட்டார்கள். அதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டால் கூலியில் ஏமாற மாட்டீர்கள். மஞ்சள் நிறக் கப்ளரைக் கண்டால் எந்த எலக்ட்ரீஷியனும் கை வைக்கக் கூடாது. அது ஏர்பேக்கின் ஒயர்.

நம் ஊரில் புது வண்டிக்கு முதலில் போடுவது சீட் கவர். 6 ஏர்பேக் வண்டியில் பக்க ஏர்பேக் முன்சீட்டின் சாய்மானத்துக்குள், கதவுப் பக்கமாக இருக்கிறது. அங்கே 'ஏர்பேக்' என்று எழுதிய சின்னத் துணிப்பட்டி தைத்திருப்பார்கள். தடித்த ரெக்சினால் சுற்றிலும் இறுக்கித் தைத்த கவரைப் போட்டால், மோதும் நொடியில் பை வெளியே வர வழியில்லை. அந்தப் பக்கம் திறந்தோ, விட்டுக்கொடுக்கும் மெல்லிய தையலோடோ இருக்கும் கவரைத்தான் வாங்க வேண்டும். பாதுகாப்புக்கென்று பணம் கொடுத்து வாங்கியதை நாலாயிரம் ரூபாய் கவர் மூடிவிடக் கூடாது.

சட்டத்தின் எல்லையும் தெரிந்திருக்கட்டும். முன்னால் இரும்புக் கம்பி கார்டு 2017 டிசம்பரிலிருந்து கூடாது. கண்ணாடி ஒளி கடத்தும் அளவு முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கங்களில் 50 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கறுப்பு ஒட்டினால் அபராதம். 60/55 வாட் முகப்பு விளக்கின் இடத்தில் 100/90 வாட் பல்பு போட்டால் எதிரே வருபவர் கண்ணும் கூசும், ஹோல்டரும் உருகும்.

விலையில் ஒளிந்திருக்கும் படி

தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து காருக்கான ஆயுள் வரி 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. இதில் 10 லட்சக் கோடுதான் கவனிக்க வேண்டியது. 9.95 லட்சம் வண்டிக்கு வரி 1,29,350 ரூபாய். 10.05 லட்சம் வண்டிக்கு 1,80,900. பத்தாயிரம் ரூபாய் வசதிக்கு வரியிலேயே 51,550 கூடுகிறது. 10 லட்சத்தைத் தாண்டினால், விற்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரியான டிசிஎஸ்ஸும் 1 சதவீதம் பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பும், ஆயுள் வரி திரும்பாது.

தொழிற்சாலையிலிருந்து வரும் வசதி வண்டியின் விலையில் சேரும். ஆகவே வரியிலும் சேரும். தனி பில்லில் வெளியில் மாட்டுவது அதில் சேராது. இந்தக் கோட்டை ஒட்டி நிற்கும் மாடல்களில் கீழ் வேரியண்ட்டும் வெளி மாட்டலும் தெளிவாக லாபம். மறுபக்கம், வெளியில் மாட்டியதற்குக் காப்பீடு தானாக வராது. மியூசிக் சிஸ்டம் போன்ற மின்கருவிகளைப் பாலிசியில் தனியே சொல்லி, மதிப்பில் சுமார் 4 சதவீதம் பிரீமியம் கட்டினால்தான் விபத்தில் பணம் கிடைக்கும். கடனில் மேல் வேரியண்ட் எடுப்பவர் வட்டியையும் பார்க்க வேண்டும். 60,000 ரூபாய் கூடுதலை 9 சதவீத வட்டியில் 60 மாதம் கட்டினால் மாதம் சுமார் 1,245, மொத்தம் 74,700 ரூபாய்.

நம் வெயிலுக்கும் காற்றுக்கும்

சன்ரூஃப் நம் சித்திரை வெயிலுக்கு ஏற்ற செலவு அல்ல என்பதே எங்கள் எண்ணம். பின்சீட்டில் பெரியவர்கள் உட்காரும் வீடு என்றால் பின் ஏசி வென்ட்டுக்காகப் படி ஏறுவது நியாயம். பணகுடி, காவல்கிணறு வழியாக அடிக்கடி போகிறவர்கள், ஆனி, ஆடிக் காற்றில் உயரமான வண்டி பக்கவாட்டில் தள்ளப்படுவதை அறிவார்கள். அவர்களுக்கு இஎஸ்சி இல்லாத வேரியண்ட் வேண்டாம். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை ஏற்றத்தில் ஆட்டோமேட்டிக் ஓட்டுபவருக்கு, சரிவில் பின்னுருளாமல் பிடிக்கும் வசதி இருக்கட்டும். குற்றாலம், அம்பைப் பக்கத்துச் சாரலுக்குப் பின் வைப்பர் தேவை.

அடிப்பாகத் துருத் தடுப்புப் பூச்சு கடலோரத்தாருக்கு உதவும். முக்கூடலிலோ சேரன்மகாதேவியிலோ இருப்பவருக்கு அவசியமில்லை. பூசும்போது கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளை அடைத்துவிடுகிறார்கள். அப்படி அடைத்தால் பூச்சே துருவுக்குக் காரணமாகும். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த பிறகு தாமிரபரணிக் கரையோரம் வண்டி நிறுத்துபவர்கள் எடுக்க வேண்டியது ஆக்சஸரீஸ் அல்ல, பாலிசியில் என்ஜின் பாதுகாப்புச் சேர்க்கை. தண்ணீர் புகுந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து கெட்டால் சாதாரணப் பாலிசி அதற்குப் பணம் தராது.

கடைசியாக டெலிவரி. 'கட்டாய ஆக்சஸரீஸ் பேக்', 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று பில்லில் எதுவும் வந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். இரண்டுக்கும் சட்டக் கட்டாயம் இல்லை. காப்பீட்டையும் அவர்களிடமே எடுக்க வேண்டியதில்லை. பதிவுக்கு அனுப்புமுன் யார்டுக்கு நேரே போய், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சேஸிஸ் எண்ணும் தயாரிப்பு மாதமும் விற்பனைச் சான்றான படிவம் 21-ஓடும், வேரியண்ட் பட்டயமும் நிறமும் உங்கள் புக்கிங் படிவத்தோடும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அன்றே மறுக்கலாம். உங்கள் பெயரில் எண் விழுந்த பிறகு அந்த வண்டியைத் திருப்பிக் கொடுப்பது பெரும்பாடு.